புது மீன்தொட்டியில் தண்ணீர் பழகும் காலம்

புதிதாக அமைத்த மீன்தொட்டிகளில் பெரும்பாலானவை ஒரே வரிசையில்தான் தொல்லை கொடுக்கின்றன. முதல் நாள் தண்ணீர் பளிச்சென்று இருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வெண்மையாகக் கலங்கத் தொடங்கும். வாரம் ஒன்று முடிவதற்குள் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தீனி போட்டால் திரும்பிப் பார்க்காது. ஒன்றிரண்டு செத்து மிதக்கும். வீட்டார் பதறிப்போய், மிஞ்சிய மீன்களை வாளியில் பிடித்துவிட்டு, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல்லையும் ஃபில்டரையும் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். அடுத்த நாலைந்து நாளில் மறுபடியும் அதே கலங்கல், அதே சாவு. கடைக்காரர் நோய் பிடித்த மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்ற சந்தேகம் அப்போதுதான் எழும். பெரும்பாலும் மீனிடம் குறை இருப்பதில்லை. தொட்டியில் உருவாகியிருக்க வேண்டிய ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் இன்னும் உருவாகவில்லை என்பதே குறை. ஒவ்வொரு முழுக் கழுவலும் அந்தக் கூட்டத்தை முளையிலேயே அழித்து, தொட்டியை முதல் நாளுக்கே கொண்டுபோய் விடுகிறது.

மீன் தின்னும் புரதம் உடலில் சிதைந்து அம்மோனியாவாகிறது. அதன் பெரும்பகுதி செவுள் வழியாக நேரே தண்ணீரில் கலக்கிறது. தின்னாமல் விட்ட தீனி, எச்சம், அழுகும் இலை ஆகியவையும் அம்மோனியாவைக் கூட்டுகின்றன. குளத்திலும் ஏரியிலும் தண்ணீர் ஏராளம், மீன் குறைவு. சேறும் செடிகளும் கழிவை வாங்கிக்கொள்கின்றன. வீட்டில் பரவலாக வைக்கப்படும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாலும் ஏறத்தாழ 56 லிட்டர்தான் பிடிக்கும். கல்லும் அலங்காரப் பொருளும் போக, மேலே விடும் இடைவெளியும் போக, மீனுக்குக் கிடைப்பது 45 லிட்டர் அளவே. இதில் பத்துப் பன்னிரண்டு மீன்களை ஒரே நாளில் விட்டுக் காலையும் மாலையும் தீனி போட்டால் அம்மோனியா சில நாட்களிலேயே நஞ்சாகும் அளவை எட்டிவிடும்.

பழகிய தொட்டியில் இந்த நஞ்சை இருவகைப் பாக்டீரியாக்கள் சமாளிக்கின்றன. ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான். மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். செடிகள் உணவாக எடுத்துக்கொள்ளும். எஞ்சியதை வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும், கல்லின் மேற்பரப்பிலும், கண்ணாடியிலும், செடியின் தண்டிலும் வழவழப்பான மெல்லிய படலமாக ஒட்டி வாழ்பவை. பழைய தொட்டியின் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவதால் பெரிய பயன் இல்லாததற்கு இதுவே காரணம். பழைய தொட்டியின் ஸ்பாஞ்சுதான் உறைமோர். அதில் ஒரு துண்டை நறுக்கிப் புது ஃபில்டருக்குள் வைத்தால் வாரக்கணக்கான காத்திருப்பு நாட்கணக்காகக் குறையும். அந்தத் தொட்டியில் நோய் ஏதும் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்தப் பாக்டீரியாக்கள் பெருகும் வேகம் மிகக் குறைவு. அழுகலைத் தின்னும் சாதாரண பாக்டீரியாக்கள் நல்ல சூழலில் ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். நைட்ரைட், நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாக்களுக்கு ஒருமுறை இரட்டிக்கவே அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை பிடிக்கும். எனவே ஒரு தொட்டி முழுமையாகப் பழக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரங்களில் அம்மோனியா ஏறி உச்சத்தைத் தொட்டு இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். அதன் உச்சம் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் வரும். பிறகு அதுவும் சட்டென்று இறங்கி, நைட்ரேட் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். ‘இரண்டு வாரம் நன்றாக இருந்த மீன் திடீரென்று செத்தது’ என்று சொல்லப்படும் சாவுகளில் பல, இந்த நைட்ரைட் கட்டத்தில் நிகழ்பவை.

இந்த உண்மை விளங்க மனிதர்களுக்கு நீண்ட காலம் பிடித்தது. லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வளர்த்தார். இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியபோது குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்ன, தண்ணீர் தெளிந்தது. நவீன மீன்தொட்டியின் தொடக்கங்களில் ஒன்றாகக் கருதப்படும் அந்தக் கலத்துக்கே கலங்கல் தொல்லை வந்திருக்கிறது. கழிவு நைட்ரேட்டாக மாறுவது உயிர்களின் வேலை என்பதை 1877-இல் பிரான்சின் ஷ்லேசிங்கும் மியூன்ட்ஸும் காட்டினர். 1890 வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்தார். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. பெரும்பகுதி வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனம் என்று டிமதி ஹோவனெக்கும் உடன் ஆய்வு செய்தோரும் 1998-இல் கண்டனர். புட்டியில் அடைத்து விற்கப்படும் பாக்டீரியாக் கரைசல்கள் சில பலிப்பதற்கும் சில பலிக்காமல் போவதற்கும், எந்த இனம் அடைக்கப்பட்டது என்பதும் அது உயிரோடு வீடு வந்து சேர்ந்ததா என்பதும் காரணங்கள். கடை அலமாரியில் கோடை வெப்பத்தில் மாதக்கணக்காகக் கிடந்த புட்டியை நம்பி மீனை விடுவது சரியல்ல.

அம்மோனியா எவ்வளவு இருக்கிறது என்பதோடு, தண்ணீரின் பி.எச். எவ்வளவு என்பதும் மீனின் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. தண்ணீரில் கலந்த அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் என்னும் வடிவம் அவ்வளவாகத் தீங்கு செய்யாது. தனி அம்மோனியா செவுளை எரிக்கும். 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 இருந்தால் மொத்தத்தில் ஏறக்குறைய 0.6 விழுக்காடு மட்டுமே நச்சு வடிவம். பி.எச். 8 ஆனால் அது 5 விழுக்காட்டைத் தாண்டும். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வெப்பம் கூடினாலும் இந்தப் பங்கு கூடும். தமிழகத்தின் பல ஊர்களில் போர் தண்ணீரின் பி.எச். 8-ஐ ஒட்டி இருக்கும். கோடையில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் ‘தாங்கக்கூடியது’ என்று குறிக்கப்பட்ட அம்மோனியா அளவு இங்கே மீனைக் கொல்லக்கூடும்.

ஆகவே தொட்டியில் கோளாறு தேடுவதற்கு முன் குழாயில் வரும் தண்ணீரைத் தெரிந்துகொள்வது நல்லது. மாநகராட்சி, நகராட்சிக் குடிநீரில் குளோரின் உண்டு. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, வீட்டுக் குழாயை அடையும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. மனிதருக்குக் காப்பான இந்த அளவே மீனின் செவுளைப் புண்ணாக்கப் போதும். ஸ்பாஞ்சில் குடியேறத் தொடங்கிய பாக்டீரியாவுக்கும் அது ஆகாது. தண்ணீரை அகன்ற டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் வைத்து ஒரு நாள் குமிழ விட்டால் குளோரின் பறந்துவிடும். அவசரத்துக்கு, மீன் கடைகளில் ‘ஆன்டி குளோரின்’ என்று விற்கப்படும் சோடியம் தயோசல்ஃபேட் உதவும். ஒரு மில்லிகிராம் குளோரினை முறிக்க ஏழு மில்லிகிராம் அளவு தேவை என்பது பொதுவான கணக்கு. சிங்கப்பூர் போன்ற இடங்களில் குழாய் நீரில் குளோரமின் சேர்க்கப்படுகிறது. அது டிரம்மில் வைத்தால் எளிதில் பறக்காது. தயோசல்ஃபேட் போட்டால் குளோரின் முறிந்து அம்மோனியா மிஞ்சும். அங்கே அம்மோனியாவையும் கட்டும் மருந்துதான் தேவை.

போர் தண்ணீரில் குளோரின் தொல்லை இல்லை. வேறு தொல்லைகள் உண்டு. நிலத்தடியிலிருந்து அப்போதே ஏறிய நீரில் ஆக்ஸிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். நேரே தொட்டியில் ஊற்றினால் மீன் திணறும். சில மணி நேரத்தில் வாயு வெளியேற, பி.எச். ஏறிவிடும். இரும்புச் சத்து இருந்தால் பிடிக்கும்போது தெளிவாகத் தெரியும் தண்ணீர், காற்றுப்பட்டதும் செம்மண் நிறமாகிக் கீழே துரு படியும். இதற்கும் டிரம்மில் ஒரு நாள் குமிழ விடுவதே மருந்து. படிந்ததைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். வயல்களையும் செப்டிக் டேங்குகளையும் ஒட்டிய போர்களில் நைட்ரேட் ஏற்கெனவே மிகுந்திருக்கலாம். குடிநீருக்கு ஐ.எஸ். 10500 வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். தண்ணீரை எத்தனை முறை மாற்றினாலும் நைட்ரேட் குறையவில்லை என்றால் ஊற்றும் தண்ணீரையே சோதித்துப் பார்க்க வேண்டும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ மட்டும் நிரப்பும் வழக்கம் பெருகியிருக்கிறது. இது மற்றொரு பள்ளத்தில் கொண்டுபோய் விடும். ஆர்.ஓ. இயந்திரம் உப்போடு சேர்த்துக் கார்பனேட்டுகளையும் நீக்கிவிடுகிறது. பி.எச். சரியாமல் தாங்கிப்பிடிப்பவை அவைதான். பாக்டீரியாக்கள் அம்மோனியாவை மாற்றும்போது கார்பனேட்டைச் செலவழிக்கின்றன. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய ஏழு மில்லிகிராம் காரத்தன்மை கரைகிறது. இருப்பு தீர்ந்ததும் பி.எச். சரசரவென்று விழும், 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ வேலையை நிறுத்திவிடும். ஆர்.ஓ. தண்ணீரையும் போர் தண்ணீரையும் கலந்து பயன்படுத்துவது பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது. கப்பி, மோலி, பிளாட்டி போன்றவை கடினத் தண்ணீரிலேயே நன்றாக வாழும். தண்ணீரை மீனுக்கேற்ப மாற்றப் போராடுவதைவிட, ஊர்த் தண்ணீருக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது எளிது, மலிவு. மீனுக்கும் அதுவே நல்லது.

இனி கலங்கல்களைப் பார்க்கலாம். நிறத்தையும் தோன்றிய நாளையும் வைத்தே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

தண்ணீர் ஊற்றிய அன்றே சாம்பல் நிறமாகக் கலங்கினால் அது சரியாகக் கழுவாத கல்லின் தூசி. ஃபில்டரில் மெல்லிய பஞ்சை வைத்து ஓடவிட்டால் ஓரிரு நாளில் அடங்கும். அடங்காவிட்டால் கல்லை எடுத்து, கழுவும் நீர் தெளியும்வரை அலச வேண்டும். மீன் விடாத கட்டத்தில் இதைச் செய்வதில் நட்டமில்லை. அந்தச் சாக்கில் கல்லின் தன்மையையும் சோதித்துவிடலாம். சில துளி வினிகர் விட்டுக் குமிழ் பொங்கினால் அது சுண்ணாம்புக் கல். பளிங்குச் சில்லும் கிளிஞ்சலும் பவளமும் இவ்வகை. இவை மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.எச்.சையும் ஏற்றிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு வரும் வெண்மையான கலங்கல்தான் பலரையும் மிரள வைப்பது. தொட்டியை ஆழமாகப் பார்த்தால் மூடுபனி தெரியும். ஒரு டம்ளரில் எடுத்துப் பார்த்தால் ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கும். வேகமாகப் பெருகும் அழுகல் தின்னிப் பாக்டீரியாக்கள், மிஞ்சிய தீனியிலும் கரைந்த கழிவிலும் கொழுத்து, தண்ணீரில் மிதப்பதால் வருவது இது. ஃபில்டரின் துளைகளைவிட அவை மிக நுண்ணியவை என்பதால் பஞ்சு மாற்றிப் பயனில்லை. தண்ணீர் முழுவதையும் மாற்றினாலும் மறுநாளே பெருகிவிடும். தீனி தீர்ந்ததும் தாமாகவே குறையும். சில நாட்களில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில், தெளிந்துவிடும். கலங்கல் மீனை நேராகக் கொல்வதில்லை. ஆனால் இந்தப் பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனை ஏராளமாக எடுத்துக்கொள்ளும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்ஸிஜனைத் தாங்கும். 32 டிகிரியில் 7.3 அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே கலங்கல் உள்ள நாட்களில் ஏர் பம்ப்பை இரவிலும் நிறுத்தக் கூடாது. தீனியைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். தண்ணீரைத் தெளிய வைக்கும் மருந்துகள் துகள்களைத் திரட்டிக் கீழே படியச் செய்யுமே தவிர, கலங்கலுக்குக் காரணமான தீனி மிச்சத்தை நீக்குவதில்லை. படிகாரம் போடுவது இன்னும் தவறு. அது காரத்தன்மையைத் தின்று பி.எச்.சைக் கீழே இறக்கும்.

பச்சை நிறம் மிதக்கும் நுண்பாசி. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைத்தாலோ, விளக்கைக் காலை முதல் நள்ளிரவு வரை எரியவிட்டாலோ இது வரும். மீனுக்குப் பெரிய கேடில்லை. மூன்று நான்கு நாள் விளக்கை அணைத்து, தொட்டியைக் கனத்த துணியால் மூடி வைத்து, பிறகு கால் பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் பெரும்பாலும் தீரும். அந்த நாட்களில் செத்த பாசி ஆக்ஸிஜனை இழுக்கும் என்பதால் காற்றோட்டம் அவசியம். அதன்பின் விளக்கை நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். வேலம்பாசி போன்ற விரைந்து வளரும் செடிகள், பாசிக்குப் போகும் சத்தைத் தாம் எடுத்துக்கொள்ளும். மணி பிளான்ட்டின் வேரை மட்டும் தண்ணீரில் தொங்கவிட்டு வளர்ப்பதும் நைட்ரேட்டைக் குறைக்க நல்ல வழி.

தேநீர் நிறம் வந்தால் புதிதாக வைத்த மரக்கட்டையைப் பார்க்க வேண்டும். மரத்தின் டானின் கரைவதால் வரும் நிறம் அது, மீனுக்குத் தீங்கில்லை. பிடிக்காவிட்டால் கட்டையைச் சில முறை கொதிநீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டலாம். புதுக் கட்டையின்மேல் வெள்ளையாக வழவழவென்று பூசணம் படர்வதும் சாதாரணம். சில வாரத்தில் மறையும், நத்தைகள் தின்றும் தீர்க்கும். கண்ணாடியிலும் கல்லிலும் பழுப்புத் தூளாகப் படிவது டயாட்டம் என்னும் நுண்பாசி. புதுத் தொட்டிகளில் சகஜமாக வரும். துடைத்தால் போய்விடும், தொட்டி பழகப் பழகத் தானே குறையும்.

தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் மேற்பரப்பில் அசைவு போதவில்லை என்று பொருள். ஃபில்டரின் வாயைச் சற்று உயர்த்திச் சிற்றலை எழச் செய்தால் கலையும். நுரை கட்டினால் மிஞ்சிய புரதம் ஒரு காரணம். கழுவும்போது பட்ட சோப்பு மற்றொரு காரணம், அதுதான் ஆபத்தானது. மீன்தொட்டிக்கும் அதன் வாளிக்கும் சோப்பு ஒருபோதும் படக் கூடாது. தனி வாளியே வைத்துக்கொள்வது நல்லது. ஃபைட்டர் ஆண்மீன் மூலையில் கட்டும் நுரைக்கூட்டைக் கோளாறு என்று எண்ணிக் கலைத்துவிட வேண்டாம். கல்லுக்கடியில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், தீனி புதைந்து ஆக்ஸிஜன் இல்லாமல் அழுகி, ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகிறது என்று அறிய வேண்டும். சைஃபன் குழாயால் அந்தப் பகுதிக் கல்லைச் சிறிது சிறிதாக உறிஞ்சிச் சுத்தம் செய்யலாம். ஒரே நாளில் முழுவதையும் கிளறக் கூடாது.

உள்ளூரில் ஒட்டிய புதுக் கண்ணாடித் தொட்டியில் வினிகர் வாடை அடித்தால் சிலிகான் பசை இன்னும் காயவில்லை. வாடை நிற்கும்வரை காயவிட்டு, ஒருமுறை தண்ணீர் நிரப்பிக் கொட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

மேலே சொன்ன நிறங்களையும் வாடைகளையும் கண்ணும் மூக்கும் காட்டிக்கொடுக்கும். மீனைக் கொல்லும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பளிங்காகத் தெளிந்த தண்ணீரில் மீன் சாவதும், கலங்கிய தண்ணீரில் மீன் துள்ளித் திரிவதும் இதனால்தான். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் டி.டி.எஸ். பேனா கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டுமே சொல்லும். அதில் நல்ல எண் வந்தது என்று நிம்மதி அடைவது புதுத் தொட்டிக்காரர்கள் பலரும் செய்யும் பிழை. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். நான்கையும் பார்க்கும் துளிச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குவது, செத்த மீன்களுக்குப் பதிலாக மறுபடி மறுபடி மீன் வாங்கும் செலவைவிடக் குறைவு. முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் சோதிக்க வேண்டும். சோதனைக் குப்பியைக் குழல்விளக்கு வெளிச்சத்தில் பிடித்து ஊகிக்காமல், வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் நிறம் ஒப்பிட வேண்டும்.

சோதனைப் பெட்டி இல்லாத நேரத்தில் மீனின் உடலே சாட்சி. செவுள் சிவந்து வீங்குவது, துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வது, கல்லில் உரசுவது, மூலையில் சோர்ந்து நிற்பது ஆகியவை அம்மோனியாவைச் சுட்டும். நைட்ரைட் இரத்தத்தில் கலந்து ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் சுமக்க முடியாத வடிவமாக மாற்றிவிடுகிறது. இரத்தம் பழுப்பாகும், செவுளும் பழுப்பாகத் தெரியும், காற்றுக் குமிழி நன்றாக இருக்கும்போதே மீன் மூச்சுக்குத் திணறும். எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் மேலே வந்து திணறினால் கோளாறு தண்ணீரில். ஒரு மீன் மட்டும் சோர்ந்து மற்றவை நன்றாக இருந்தால் அந்த மீனுக்கு நோய். கடைகளில் முதல் மருந்தாகக் கொடுக்கப்படும் மெத்திலின் புளூவை இந்த வேறுபாடு தெரியாமல் ஊற்றினால், உருவாகி வரும் நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்து பாதிக்கப்படும். நோய்வாய்ப்பட்ட மீனுக்குத் தனிப் பாத்திரத்தில் வைத்து மருந்து கொடுப்பதே முறை.

மீன் விட்டுவிட்ட புதுத் தொட்டியில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு 0.5 மில்லிகிராமை எட்டினால், அன்றே கால் பங்கு முதல் பாதி வரை தண்ணீர் மாற்ற வேண்டும். பாதி மாற்றினால் நஞ்சும் பாதியாகும் என்பது நேரான கணக்கு. 1 மில்லிகிராமைத் தாண்டினால், குறையும்வரை நாள்தோறும் பாதி மாற்றலாம். மாற்றும் தண்ணீர் குளோரின் நீங்கியதாகவும், தொட்டியின் வெப்பத்தை ஒட்டியதாகவும் இருக்க வேண்டும். பி.எச். 6.5-க்கு இறங்கிய தொட்டியில் அம்மோனியம் மிகுந்திருக்கும்போது பி.எச். 8 உள்ள போர் தண்ணீரைப் பாதிக்கு மேல் ஊற்றினால், தீங்கற்றிருந்த அம்மோனியம் நச்சு வடிவத்துக்கு மாறி மீனைத் தாக்கும். இங்கே மட்டும் சிறு சிறு அளவாக, பல முறை மாற்றுவது நல்லது. தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குப் போட்டால் போதும். வளர்ந்த மீன் சில நாள் பட்டினியை எளிதில் தாங்கும்.

நைட்ரைட்டுக்கு மட்டும் ஒரு மலிவான கைமருந்து உண்டு. உப்பின் குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே நுழைவதைத் தடுக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு, அதாவது 45 லிட்டர் தொட்டிக்கு 45 கிராம், தனியே கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அம்மோனியாவுக்கு இது பயன்படாது. சில நீர்ச்செடிகள் உப்பைத் தாங்காது. உப்பு ஆவியாகாது என்பதால் மறுபடி போடும்போது, வெளியேற்றிய தண்ணீருக்கு உரிய அளவு மட்டுமே சேர்க்க வேண்டும்.

மீனை விட்டபின் இப்படிப் போராடுவதைவிட, மீன் விடாமலேயே தொட்டியைப் பழக்குவது மேலானது. ஃபில்டரை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டுவர வேண்டும்; அது அழுகி அம்மோனியா தரும். அம்மோனியம் குளோரைடு கிடைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும் அளவுக்குச் சேர்க்கலாம். சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார். பெரிய அளவு தண்ணீர் ஒருமுறை மாற்றிவிட்டு மீன் விடலாம். சென்னையின் கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய் ஒரே நாளில் தொட்டி, கல், மீன் மூன்றையும் வாங்கி வரும் ஆவல் புரிகிறது. தொட்டியை முதலில் வாங்கி, மீனை ஒரு மாதம் கழித்து வாங்கினால் குழந்தைகள் செத்த மீனைப் பார்த்து அழ வேண்டியிராது. விடும்போதும் 45 லிட்டருக்கு மூன்று நான்கு சிறு மீன்களில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து மேலும் சிலவற்றைச் சேர்க்க வேண்டும். தங்கமீன் பெரிதாக வளரும், கழிவும் மிகுதி. சிறு தொட்டிக்கும் கண்ணாடிக் கிண்ணத்துக்கும் அது ஏற்றதல்ல.

பழகி வரும் தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்துப் பிழிந்தால் குளோரின் பட்டுப் பாக்டீரியாக்கள் சாகும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டி நீரிலேயே இரண்டு முறை அலசிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். ஸ்பாஞ்சு பழுப்பாக இருப்பது அழுக்கல்ல. புதிது போல வெளுக்கத் தேவையில்லை. ஃபில்டரை இரவில் அணைத்து வைப்பதும் கூடாது; நீரோட்டம் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் மடியத் தொடங்கும். மின்வெட்டு நீளும் ஊர்களில் பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று வைத்திருப்பது நல்லது. பல மணி நேர மின்வெட்டுக்குப் பிறகு மூடிய ஃபில்டரை அப்படியே ஓடவிடாமல், உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு இயக்க வேண்டும்.

எல்லாச் சோதனையும் சரியாக இருந்தும் மீன்கள் ஒரே இரவில் செத்தால் அறையின் காற்றைச் சந்தேகிக்கலாம். கொசுவத்தி, கொசு விரட்டும் திரவம், பூச்சி மருந்துத் தெளிப்பு ஆகியவற்றில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை நஞ்சுகள் உள்ளன. மனிதரைவிட மீனை இவை பல மடங்கு கடுமையாகத் தாக்கும். ஏர் பம்ப் அறைக்காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் செலுத்துகிறது. பூச்சி மருந்து அடிக்கும்போது பம்ப்பை நிறுத்தித் தொட்டியை மூடி வைத்து, அறையை நன்றாகக் காற்றாட விட்ட பிறகே இயக்க வேண்டும். கொசு விரட்டி எரியும் அறையில் தொட்டியை வைக்காதிருப்பதே பாதுகாப்பு.

பழகி முடிந்த தொட்டிக்கு வாரம் ஒருமுறை 20 முதல் 30 விழுக்காடு தண்ணீர் மாற்றம் போதும். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமை ஒட்டியும், எப்போதும் 40-க்குக் கீழும் இருப்பது நல்லது. ஆவியாகிக் குறைந்த தண்ணீரை மட்டும் அவ்வப்போது ஊற்றி நிரப்புவது, தண்ணீர் மாற்றியதாகக் கணக்காகாது. நீர்தான் ஆவியாகிறது, உப்பும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கி, ஒவ்வொரு நிரப்பலிலும் கூடிக்கொண்டே போகும். கோடையில் இப்படிக் குறையும் அளவை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுசெய்துவிட்டு, வாராந்திர மாற்றத்துக்கு டிரம்மில் ஒரு நாள் வைத்த வழக்கமான தண்ணீரைப் பயன்படுத்தினால் கடினத்தன்மை ஏறாமல் நிலையாக நிற்கும்.